கையில் காசில்லாமல் வளர்ந்த கம்பெனி: சப் பாப் கதை

கேள்வி: நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து, சினிமா சாராத பாட்டுகளுக்காக ஒரு சின்ன ரெக்கார்டு லேபிள் தொடங்கலாம் என்று இருக்கிறோம். பெரிய கம்பெனிகளுக்கு நடுவே இப்படிப்பட்ட லேபிள்கள் உண்மையில் எப்படி வளர்கின்றன? நல்ல இசை இருந்தால் போதுமா?

போதாது. நல்ல இசையை வைத்துக்கொண்டே இழுத்து மூடிய லேபிள்கள் ஏராளம். அதிலும் வேடிக்கை என்னவென்றால், பாட்டு விற்காமல் மூடியவை போக, பாட்டு நன்றாக விற்றதாலேயே மூட வேண்டி வந்தவையும் உண்டு. இது ஏன் என்று புரிந்துவிட்டால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். பொதுவாகப் பேசாமல் ஒரே ஒரு லேபிளை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் இருக்கும் சப் பாப். நிர்வாணா என்ற இசைக்குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனி என்றால் பலருக்கு ஞாபகம் வரலாம்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் ஆடியோ கம்பெனி என்றால் பெரும்பாலும் படத்தின் பாட்டு உரிமையை வாங்கி விற்பவர்கள். பாட்டை உருவாக்கும் செலவும் விளம்பரமும் படத்தோடு வந்துவிடும். நீங்கள் தொடங்கப்போவது அந்த வியாபாரம் இல்லை. பெயர் தெரியாத ஒருவரைப் பிடித்து, பதிவு செய்து, அவர் முகத்தை நான்கு பேருக்குத் தெரியவைத்து, பிறகு விற்க வேண்டும். சிற்றிதழ் நடத்துவதற்கும் சின்னப் பதிப்பகம் நடத்துவதற்கும்தான் இது கிட்டத்தில் வரும். சப் பாப்பும் ஒரு சிற்றிதழாகத்தான் தொடங்கியது.

ப்ரூஸ் பேவிட் என்ற இளைஞர் 1970-களின் கடைசியில் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியா என்ற சிற்றூரில், எவர்கிரீன் ஸ்டேட் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். படிப்பின் ஒரு பகுதியாக ஒரு சின்னப் பத்திரிகை தொடங்கினார். பெயர் சப்டெரேனியன் பாப். அமெரிக்காவில் தனித்து இயங்கும் சின்ன லேபிள்களைப் பற்றி மட்டுமே எழுதுவது என்று ஒரு வைராக்கியம். நான்காவது இதழிலேயே பெயர் சப் பாப் என்று சுருங்கிவிட்டது. அப்புறம் ஒரு இதழ் அச்சில், ஒரு இதழ் கேசட்டில் என்று மாற்றி மாற்றிப் போட்டார். 1982-ல் வந்த ஐந்தாவது இதழ் ஒரு கேசட். அது 2,000 பிரதி விற்றது. எந்த ஊரில் யார் என்ன வாசிக்கிறார்கள், எந்தக் கடை எந்த ரெக்கார்டை வாங்கும், எந்த வானொலிக்காரர் எதைப் போடுவார் என்ற வரைபடம் முழுவதும் இந்தச் சில வருடங்களில் அவர் தலைக்குள் ஏறிவிட்டது. லேபிள் என்று ஒன்று உருவாகுமுன் கிடைத்த முதலீடு அதுதான்.

1983-ல் சியாட்டிலுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே தி ராக்கெட் என்ற உள்ளூர் இசை இதழில் பத்தி எழுதினார், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கேசிஎம்யூ வானொலியில் நிகழ்ச்சி நடத்தினார். வயிற்றுப்பாட்டுக்கு மியூசாக் கம்பெனியின் கிடங்கில் வேலை. மியூசாக் தெரியுமா? லிஃப்டிலும் பெரிய கடைகளிலும் யார் காதையும் உறுத்தாமல் மெல்ல ஓடிக்கொண்டிருக்குமே, அந்த இசையைத் தயாரித்து அனுப்பும் நிறுவனம். பிற்பாடு ஊரையே அதிரவைத்த குழுக்களின் ஆட்கள் சிலரும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். பகலில் உலகத்திலேயே சாதுவான இசை இருக்கும் கார்ட்ரிஜ்களைத் துடைப்பது, இரவில் போய் ஆம்ப்ளிஃபயரைக் கிழிப்பது.

அன்றைய சியாட்டில் இன்றைய சியாட்டில் இல்லை. போயிங் தொழிற்சாலை, துறைமுகம், மழை. நாட்டின் ஒரு மூலையில் கிடந்ததால், சுற்றுப்பயணம் வரும் பல குழுக்கள் அந்த ஊரைத் தாண்டியே போய்விடும். அதனால் உள்ளூர்ப் பையன்கள் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டி, ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றார்கள். பங்க் இசையும் ஹெவி மெட்டலும் வேறெங்கும் சேராத விதத்தில் அங்கே சேர்ந்து ஒரு மந்தமான, கனத்த ஓசை உருவானது. இதை யாரும் திட்டமிடவில்லை. டெட்ராய்ட் நகரம் என்றால் மோட்டவுன் லேபிள், மெம்ஃபிஸ் நகரம் என்றால் ஸ்டாக்ஸ் லேபிள் என்பதுபோல, ஒரு ஊருக்கு ஒரு ஓசை, அந்த ஓசைக்கு ஒரு முத்திரை என்று வைத்து விற்கலாம் என்பதைப் பார்த்ததுதான் பேவிட்டின் கெட்டிக்காரத்தனம்.

1986-ல் சப் பாப் 100 என்ற தொகுப்பு ரெக்கார்டு வந்தது. அடுத்து க்ரீன் ரிவர் என்ற உள்ளூர்க் குழுவின் ஐந்து பாட்டு. 1986 நடுவில் பதிவானது 1987 நடுவில்தான் வெளிவந்தது, அச்சடிக்கக் காசில்லை. அந்த நேரத்தில் ஜொனாதன் போன்மேன் வந்து சேர்ந்தார். அவரும் அதே வானொலியில் பாட்டுப் போட்டவர், கச்சேரிகள் ஏற்பாடு செய்தவர். சவுண்ட்கார்டன் என்ற குழுவுக்கு ரெக்கார்டு போட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார். அந்தக் குழுவின் கிட்டார்க்காரர் கிம் தாயில்தான், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்யுங்களேன் என்று சொல்லிக் கோத்துவிட்டவர். போன்மேன் 20,000 டாலர் கொண்டுவந்து பங்குதாரர் ஆனார்.

1988 ஏப்ரல் 1-ஆம் தேதி முறைப்படி அலுவலகம் திறந்தார்கள். அவர்களும் முட்டாள்கள் தினம் என்று தெரிந்தே வைத்ததுபோல்தான் இருக்கிறது. இருவரும் வேலையை விட்டார்கள், அங்கே இங்கே புரட்டி 43,000 டாலர் சேர்த்தார்கள். அந்தப் பணம் ஏறக்குறைய முப்பது நாளில் தீர்ந்துபோனது. திறந்த மாதமே திவால் நிலை. சப் பாப்பின் அடுத்த பத்து வருடக் கதையைச் சுருக்கிச் சொல் என்றால் இந்த ஒரு மாதத்தைச் சொன்னால் போதும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு உதவக்கூடியது இதுதான். காசே இல்லாதவர்கள் எப்படிப் பெரிய ஆட்களாகத் தெரிந்தார்கள்?

முதலில், செலவைக் குறைத்த அதே காரியம்தான் அடையாளமாகவும் ஆனது. கிட்டத்தட்ட எல்லாக் குழுக்களையும் ரெசிப்ரோக்கல் என்ற சின்ன ஸ்டூடியோவில் ஜாக் எண்டினோ என்ற ஒரே ஒலிப்பதிவாளர் பதிவு செய்தார். வேகம், மலிவு. நிர்வாணாவின் முதல் ஆல்பமான ப்ளீச்சுக்கு ஆன ஒலிப்பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். அதையும் லேபிள் கொடுக்கவில்லை. ஜேசன் எவர்மன் என்ற நண்பர் கொடுத்தார். நன்றிக்கடனாக, அந்த ஆல்பத்தில் ஒரு நரம்பைக்கூட மீட்டாத அவர் பெயர் கிட்டார் வாசித்தவர் என்று அட்டையில் அச்சானது. படங்களுக்கு சார்ல்ஸ் பீட்டர்சன். அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் முகம் சரியாகத் தெரியாது. பறக்கும் தலைமுடியும் வியர்வையும் கூட்டத்தின் மேல் விழும் உடல்களும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் கலங்கித் தெரியும். ஒரே ஓசை, ஒரே விதமான படம், அட்டையில் ஒரே விதமான எழுத்து. கடையில் ரெக்கார்டுகளைப் புரட்டுகிறவர் குழுவின் பெயர் தெரியாமலே, இது சப் பாப் என்று எடுப்பார். லேபிள் வளர்வது என்றால் அதுதான். பாடகரை நம்பி வாங்கியவர் லேபிளை நம்பி வாங்கத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, குறைவாக அச்சடித்தார்கள். 1988-ல் மட்ஹனி குழுவின் முதல் சிங்கிள், அதாவது ஓரிரு பாட்டு மட்டும் இருக்கும் சின்ன இசைத்தட்டு, காப்பிக்கொட்டை நிற வினைலில் வெறும் 800 பிரதி. அதற்கு மேல் போடப் பணமும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கிடைக்காத பொருளுக்கு வரும் தேடலைப் புரிந்துகொண்டு அதையே வழக்கமாக்கினார்கள். வண்ண வினைல், கையால் எண் போட்ட பிரதிகள்.

அந்த வழக்கத்தின் உச்சம் சிங்கிள்ஸ் கிளப். 1988 நவம்பரில் தொடங்கியது. வருடச் சந்தாவை முன்பணமாகக் கட்டிவிட்டால், மாதம் ஒரு ரெக்கார்டு தபாலில் வரும். யாருடைய ரெக்கார்டு, எப்படி இருக்கும் எதுவும் முன்கூட்டித் தெரியாது. முதல் மாதம் போனது நிர்வாணாவின் முதல் சிங்கிள், 1,000 பிரதி, ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய எண். 1990-ல் சந்தாதாரர்கள் 2,000 பேர் வரை இருந்தார்கள். நம் பதிப்பகங்கள் பெரிய புத்தகங்களுக்கு முன்வெளியீட்டுத் திட்டம் என்று அறிவித்துப் பாதி விலைக்கு முன்பணம் வாங்குவார்களே, அதே யுக்தி. ரசிகர்களுக்கு இது ஒரு விளையாட்டு. கம்பெனிக்கோ, பொருளை உண்டாக்குமுன்பே காசு கைக்கு வருகிற ஒரே வழி. அந்த அலுவலகத்தில் யோசித்தவற்றிலேயே ஆகச் சிறந்த யோசனை இதுதான் என்பது என் கட்சி.

மூன்றாவது, பொய் சொல்லவில்லை, பெருமை பேசினார்கள். இங்கிலாந்தின் மெலடி மேக்கர் வார இதழ் நிருபர் எவரெட் ட்ரூவை சியாட்டிலுக்கு வரவழைத்துச் சுற்றிக் காட்டினார்கள். 1989 மார்ச்சில் அவர் எழுதிய கட்டுரை ஆங்கிலேயர்களுக்கு சியாட்டில் என்ற ஊரை அறிமுகப்படுத்தியது. பிபிசி வானொலியில் பாட்டுப் போடும் ஜான் பீலும் புகழ்ந்தார். வாடகை கொடுக்கத் திணறும் கம்பெனி விமான டிக்கெட்டுக்குச் செலவு செய்வது கிறுக்குத்தனம்தான். ஆனால் உள்ளூர்ப் பிள்ளையை உள்ளூரில் மதிக்க வைக்க வெளியூர்க்காரர் வாயால் சொல்ல வைக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியாததா என்ன? அதே வருடம் ஜூனில் நிர்வாணா, மட்ஹனி, டாட் மூன்று குழுக்களையும் சேர்த்து மூர் தியேட்டரில் ஒரு கச்சேரி வைத்தார்கள். அரங்கம் நிறைந்தது.

சரி, எல்லாம் இவ்வளவு நன்றாகப் போகும்போது ஏன் திவால்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நானாக வைத்துக்கொள்பவை. ஒரு ரெக்கார்டு அச்சடிக்க 100 ரூபாய், மொத்த விநியோகஸ்தருக்கு 200 ரூபாய்க்குக் கொடுக்கிறீர்கள். 1,000 பிரதிக்கு ஒரு லட்சம் இன்று அச்சகத்துக்குப் போய்விடும். விநியோகஸ்தர் கடைக்குக் கடனுக்குப் போடுவார், கடைக்காரர் விற்றபின் தருவார். உங்கள் கைக்கு இரண்டு லட்சம் வர மூன்று நான்கு மாதம் ஆகும். விற்காத பிரதிகள் திரும்பி வந்தால் அதைக் கழித்துக்கொண்டுதான் தருவார். இப்போது பாட்டு ஹிட் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது வாரமே 5,000 பிரதி கேட்கிறார்கள். ஐந்து லட்சம் வேண்டும், இன்றே வேண்டும். முந்தின இரண்டு லட்சமோ இன்னும் வந்தபாடில்லை. அச்சடிக்காவிட்டால் கடைக்காரர் உங்களை மறந்துவிடுவார். அச்சடித்தால் கடன். இதற்கு நடுவில் விநியோகஸ்தரே கடையைக் கட்டிவிட்டால்? சின்ன லேபிள்களின் வரலாற்றில் பாட்டு மோசமானதால் செத்தவர்களைவிட, விநியோகஸ்தர் கவிழ்ந்ததால் கூடவே கவிழ்ந்தவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் படித்திருக்கிறேன்.

சப் பாப்புக்கு இந்தப் பிரச்சினையோடு இன்னொன்றும் சேர்ந்தது: வரவு பார்க்காத செலவு. ஆட்களை அதிகமாகச் சேர்த்தார்கள், வருமானத்துக்கு மீறி ரெக்கார்டு போட்டார்கள், ஒரு பெரிய கம்பெனியோடு விநியோக ஒப்பந்தம் பேசி வக்கீல் செலவு ஏறியதுதான் மிச்சம், ஒப்பந்தம் நடக்கவில்லை. 1991-ல் ஊழியர்கள் பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். குழுக்களுக்குக் கொடுத்த காசோலைகள் திரும்பின. தி ராக்கெட் இதழே, பேவிட் பத்தி எழுதிய அதே இதழ், இவர்கள் கதை முடிந்ததா என்று கேட்டு அட்டையில் போட்டது. அந்த நேரத்தில் சப் பாப் செய்த காரியத்தைக் கேளுங்கள். "எங்களிடம் பணம் இல்லை என்பதில் உங்களுக்கு எது புரியவில்லை?" என்று டி-ஷர்ட் அச்சடித்தார்கள். கடன்காரர்களுக்கு என்ன கோபம் வந்திருக்கும் என்று யோசித்தால் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மட்ஹனியின் புது ஆல்பம் விற்றுக் கொஞ்சம் மூச்சு விட வைத்தது.

இனி வருவதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

அந்தக் காலத்தில் சப் பாப் யாருடனும் நீண்டகால எழுத்து ஒப்பந்தம் போட்டதில்லை. கை குலுக்கினால் முடிந்தது. நிர்வாணாவின் பேஸ் கிட்டார்க்காரர் க்ரிஸ்ட் நோவோசெலிக் ஒருநாள் இரவு குடித்துவிட்டு பேவிட் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டி, எங்களுக்கு ஒப்பந்தம் வேண்டும் என்று சத்தம் போட்டார் என்று ஒரு கதை. லேபிள் தங்களைக் கைவிட்டுவிடுமோ, ஏமாற்றுமோ என்ற பயம் அவர்களுக்கு. போன்மேன் அவசர அவசரமாக ஒரு ஒப்பந்தம் தயார் செய்தார். பல ஆல்பங்களுக்கான நீண்ட ஒப்பந்தம் என்று சப் பாப் போட்டது அதுதான் முதல்முறை. கம்பெனியைக் கட்டிப்போட இசைக்குழு கேட்டு வாங்கிய காகிதம் அது.

இரண்டு வருடம் கழித்து என்ன ஆயிற்று? இரண்டாவது ஆல்பத்துக்காக 1990 ஏப்ரலில் புட்ச் விக் என்ற இசைத் தயாரிப்பாளரிடம் பதிவு செய்த பாட்டுகள் பெரிய கம்பெனிகளின் காதுக்குப் போயின. கெஃபன் நிறுவனத்தின் டிஜிசி பிரிவு நிர்வாணாவை வளைத்தது. காகிதம் இல்லாதிருந்தால் அந்த மூன்று பையன்களும் போய்வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், சப் பாப்புக்கு ஒரு நயா பைசா வந்திருக்காது. காகிதம் இருந்ததால் கெஃபன் வந்து உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. சுமார் 75,000 டாலர், வரப்போகும் ஆல்பங்களின் விற்பனையில் ஒரு சின்னச் சதவீதம், அட்டையின் பின்னால் சப் பாப் முத்திரை. அன்றைய நிலையில் 75,000 டாலர்தான் பெரிதாகத் தெரிந்திருக்கும்.

1991 செப்டம்பர் 24 அன்று அந்த இரண்டாவது ஆல்பம், நெவர்மைண்ட், வெளியானது. முதல் தவணையில் அமெரிக்கக் கடைகளுக்குப் போனவை ஐம்பதாயிரம் பிரதிகூட இல்லை. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தைத் தள்ளிவிட்டு அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. கோடிக்கணக்கில் விற்றது. அந்தச் சின்னச் சதவீதம் சப் பாப்பைக் கடனிலிருந்து தூக்கி நிறுத்தியது. அது மட்டுமில்லை. நெவர்மைண்டுக்கு முன்னால் சுமார் 40,000 பிரதி விற்றிருந்த ப்ளீச்சை உலகமே தேடத் தொடங்கியது. அது முழுக்க சப் பாப்பின் சொத்து. 606 டாலரில் பதிவான அந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சத்தைத் தாண்டியது. அப்பா வைத்துவிட்டுப் போன தென்னை மாதிரி இன்றும் காய்த்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு நேர்மாறான கதை அதே 1992-ல் இங்கிலாந்தில் நடந்தது. மான்செஸ்டரின் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ், 1978-ல் டோனி வில்சன் முதலானோர் தொடங்கியது. ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் என்று பெரிய பெயர்கள். அழகுக்கு அப்படி மெனக்கெடுவார்கள். ஒரு சிங்கிளின் அட்டை வெட்டு வேலைக்கு ஆன செலவில், விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் நஷ்டம் என்று அவர்களே சொல்லிச் சிரித்த கதை உண்டு. வருமானத்தின் பெரும்பங்கு ஹசியெண்டா என்ற நடனக் கூடத்துக்குப் போனது. கடன் கழுத்தை நெரித்தபோது லண்டன் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய கம்பெனி வாங்கிக்கொள்ள முன்வந்தது. வாங்க என்ன இருக்கிறது என்று பார்த்தால், தொடக்கத்தில் எழுதி வைத்த ஒரு காகிதம் கிடைத்தது. இசை எல்லாம் இசைக்கலைஞர்களுக்கே சொந்தம், கம்பெனிக்கு எதுவும் சொந்தமில்லை என்ற கருத்தில் இருந்தது அது. வியாபாரம் படியவில்லை, 1992 நவம்பரில் ஃபேக்டரி மூடப்பட்டது. கொள்கையாகப் பார்த்தால் மனசு அந்தக் காகிதத்தின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அந்தக் கொள்கையோடு நடனக் கூடமும் நடத்த முடியாது.

அந்தக் கொள்கையோடு நிம்மதியாக வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் டிசியின் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ். 1980-ல் டீன் ஐடில்ஸ் என்ற பள்ளிக்கூடப் பையன்களின் குழு கலைந்தபோது, கச்சேரிகளில் சேர்ந்த சுமார் 600 டாலரைப் பங்கு பிரிக்காமல் ஒரு ரெக்கார்டு போட்டார்கள். அட்டையை எப்படிச் செய்வது என்று தெரியாமல் ஒரு பழைய அட்டையைப் பிரித்து வைத்து வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து ஒட்டினார்கள். அந்தக் குழுவின் இயன் மெக்காயும் ஜெஃப் நெல்சனும் அப்போது தொடங்கியதுதான் டிஸ்கார்ட். தங்கள் ஊர்க் குழுக்களின் இசை மட்டும், விலை குறைவு, எழுத்து ஒப்பந்தம் கிடையாது, லாபத்தில் பங்கு. மெக்காயின் ஃபுகாஸி குழுவுக்குப் பெரிய கம்பெனிகள் வலை வீசியும் போகவில்லை. காகிதம் இல்லாமல் அவர்களுக்கு ஓடியதற்குக் காரணம், அவர்கள் வளர வேண்டும் என்று ஆசைப்படவில்லை. ஊரைத் தாண்டவில்லை. ஆக, நீங்கள் மூன்று பேரும் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது இது: வளர வேண்டுமா, இருந்தால் போதுமா? இரண்டுக்கும் கணக்கு வேறு.

சப் பாப்புக்குத் திரும்புகிறேன். பணம் வந்தபின் நடந்தவை அவ்வளவு சுவாரஸ்யமில்லை. 1995 வாக்கில் வார்னர் மியூசிக் நிறுவனம் 49 சதவீதப் பங்கை வாங்கியது, 2 கோடி டாலர் என்று செய்தி வந்தது. பெரிய பணம் வந்ததும் பெரிய கம்பெனி மாதிரி செலவழித்தார்கள், பெரிய கம்பெனி மாதிரி விற்கவில்லை. 1996-ல் பேவிட் விலகிப் போனார். அடுத்த சில வருடம் தேக்கம்.

அந்த 1992-ல் நடந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. சியாட்டில் இசை உலக மோகமானதும் நியூயார்க் டைம்ஸ் நிருபர், அந்தப் பையன்கள் பேசும் கொச்சைச் சொற்கள் என்னென்ன என்று கேட்டுத் தொலைபேசினார். பேசியவர் மேகன் ஜாஸ்பர், சப் பாப்பில் வரவேற்பாளராக இருந்து, ஆட்குறைப்பில் வேலை இழந்தவர். கேட்கக் கேட்க, வாய்க்கு வந்ததை எல்லாம் கொச்சைச் சொற்கள் என்று கட்டிவிட்டார். அத்தனையும் நவம்பர் 15 அன்று பத்திரிகையில் அகராதியாகவே அச்சாகிவிட்டது. புளுகு என்று சில மாதம் கழித்துத்தான் வெளியே வந்தது. அதே மேகன் ஜாஸ்பர் 1990-களின் கடைசியில் கம்பெனிக்குத் திரும்பி வந்தார், பின்னாளில் தலைமைச் செயல் அதிகாரியே ஆனார். கம்பெனியை ஒழுங்காக நடத்திக் கரை சேர்த்ததில் அவர் பங்கு பெரிது.

இரண்டாவது வளர்ச்சி 2001-க்குப் பிறகு. இம்முறை சியாட்டில் ஓசை கிடையாது, தலைமுடி பறக்கும் படம் கிடையாது. தி ஷின்ஸ், அயர்ன் அண்ட் வைன், பிறகு ஃப்ளீட் ஃபாக்ஸஸ் என்று மெல்லிய குரல்கள். இவற்றில் பாடம் உள்ளது தி போஸ்டல் சர்வீஸ். லாஸ் ஏஞ்சலஸில் ஒருவர் இசையை அமைத்து டேப்பில் போட்டுத் தபாலில் அனுப்புவார், சியாட்டிலில் இருந்தவர் அதன்மேல் பாடித் திருப்பி அனுப்புவார். 2003-ல் வந்த அந்த ஒரே ஆல்பம் வந்த வேகத்தில் விற்றுத் தீரவில்லை. வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுப் பத்து லட்சத்தைத் தொட்டது. சப் பாப்பில் ப்ளீச்சுக்கு அடுத்தபடி அதிகம் விற்றது அதுதான். நடுவில் அமெரிக்கத் தபால் துறை, பெயர் எங்களுடையது என்று நோட்டீஸ் அனுப்பியது. கடைசியில் சமாதானமாகி, தபால் துறையே அந்த ஆல்பத்தைத் தன் இணையதளத்தில் விற்றது. குறைந்த செலவில் பதிவு, நீண்ட நாள் விற்பனை, பழைய சரக்கிலிருந்து மாதச் சம்பளம் போல வரும் பணம். 1988-ல் இந்தப் பொறுமை அவர்களிடம் இருந்திருந்தால் டி-ஷர்ட் அச்சடிக்க வேண்டி வந்திருக்காது. ஆனால் அந்த அவசரம் இல்லாவிட்டால் எவரெட் ட்ரூவுக்கு டிக்கெட்டும் போட்டிருக்க மாட்டார்கள். எனக்கே இதில் ஒரு முடிவு கிடையாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்று ஸ்ட்ரீமிங்கில் அச்சடிக்கும் செலவு இல்லை என்று நினைப்பீர்கள். உண்மைதான், ஆனால் பணம் தாமதமாக வரும் நோய் போகவில்லை. பாட்டு ஓடிய மாதத்துக்கும் காசு கைக்கு வரும் மாதத்துக்கும் நடுவில் இடைவெளி உண்டு, வருவதும் சில்லறை. நடுவில் வீடியோ எடுக்க வேண்டும், கச்சேரிக்கு வேன் பிடிக்க வேண்டும். அதனால் 200 பேரிடமாவது வருடச் சந்தா வாங்க முடியுமா என்று பாருங்கள். கேசட், வினைல், அச்சிட்ட பாட்டுப் புத்தகம், கச்சேரிக்கு முன்வரிசை என்று எது வேண்டுமானாலும் கொடுங்கள். முதல் வருடம் வேறு எந்தப் பணமும் அவ்வளவு சுத்தமான பணமாக இருக்காது.

அப்புறம் காகிதம். நண்பர்கள்தானே என்று விட்டுவிடாதீர்கள். நண்பர்கள் என்பதால்தான் எழுத வேண்டும். ஒலிப்பதிவின் உரிமை வேறு, பாட்டின் வரிக்கும் மெட்டுக்குமான உரிமை வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். நம் நாட்டில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்களுக்கு வர வேண்டிய ராயல்டி பங்கை லேபிளுக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஆகவே எல்லா உரிமையும் நிரந்தரமாகக் கம்பெனிக்கே என்று எங்கிருந்தாவது ஒரு படிவத்தை எடுத்து ஒட்டாதீர்கள், அது நிற்காது. எத்தனை ஆல்பம், எத்தனை வருடம், செலவைக் கழித்த பிறகு யாருக்கு எவ்வளவு, கணக்கை எப்போது காட்டுவது, இது எல்லாம் இரண்டு பக்கத்தில் அடங்கும். ஒரு பெரிய கம்பெனி வந்து உங்கள் பாடகரைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் தனியாக ஒரு பத்தி ஒதுக்குங்கள். பாடகரைப் போகவிடாமல் பிடித்து வைக்க அந்தப் பத்தியைப் பயன்படுத்தாதீர்கள். கெஃபனிடம் சப் பாப் செய்ததுபோல, அவர் போகிறபோது உங்களுக்கும் ஒரு சின்னச் சதவீதம் வரட்டும்.

பெயரும் முத்திரையும் ஒரே ஆளிடம் கொடுங்கள். மூன்று பேர் கூடி அட்டை வடிவமைத்தால் அது கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும். எந்த ஊர் ஓசை உங்களுடையது என்றும் யோசித்து வையுங்கள். மதுரையா, வடசென்னையா, கோயம்புத்தூர் கல்லூரி வட்டாரமா? தமிழ் இசை முழுவதும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சந்தா திட்டம் தொடங்கினால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். முதல் ரெக்கார்டு யாருடையது என்று சொல்ல வேண்டாம், காசை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன்.